அண்ணன் வரைந்த ரயில் பெட்டி

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது.

விருதுநகரில் எங்கள் மூவரில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா போன பிறகு, அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தானும் படித்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். டெக்சஸில் இன்ஜினியராகி, பேர்லேண்டில் வீடு வாங்கினார். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி மலருக்கு ஆண்டுதோறும் ஓர் அரசியல் கார்ட்டூன் வரைவார். நம் ஊர்த் தலைவர்களைக் கிண்டல் செய்த வரைக்கும் எல்லாரும் ரசித்தார்கள்.

கடைசிப் படத்தில் ஒரு ரயில் பெட்டி, அதன் மேல் அமெரிக்கக் கொடி. முட்டி மோதி ஏறிய ஒருவர் உள்ளிருந்து கதவை இழுத்துப் பிடித்திருக்கிறார். பிளாட்பாரத்தில் சூட்கேசும் கையுமாக ஓர் இளைஞன். வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பு என்ற பேச்சு ஓங்கியிருந்த நேரம். சங்கத் தலைவர் அதை ஆதரித்தவர். கதவைப் பிடித்திருப்பது அவர்தான் என்று வாட்ஸ்அப்பில் முடிவு கட்டிவிட்டார்கள். மூக்கைப் பார், கண்ணாடியைப் பார் என்றார்கள். அண்ணனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சங்கத்தார் ஒருவரும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மதினி அழுதார். "ஒரு போன் பண்ணி, அது அவரு இல்லன்னு சொல்லிருங்களேன். நாளைக்கு நான் யாரு மூஞ்சில முழிக்கிறது?"

அன்றுதான் அண்ணன் எங்களிடம் சொன்னார். "கதவப் பிடிச்சிருக்கது நான். வெளிய நிக்கிறது நம்ம தம்பி."

கலிபோர்னியாவில் வேலை போய் விசா முடியும் நேரத்தில், உங்களோடு வந்து தங்கிக்கொள்ளட்டுமா என்று தம்பி அண்ணனிடம் கேட்டிருக்கிறான். சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த அண்ணன், விசா முடிந்தவனை வீட்டில் வைத்தால் அது கெட்டுப்போகும் என்று பயந்துபோய், வராதே என்றுவிட்டார். ஊர் திரும்பிய தம்பி குடித்தே அழிந்தான்.

"அதச் சொல்லிரலாமேண்ணே" என்றேன்.

"சொன்னா, அப்பாடா நான் இல்லன்னு எல்லாரும் நிம்மதியாப் போயிருவாங்க. அவங்கவங்க யோசிக்கட்டும்."

அடுத்த வாரமே போய்விட்டார்.

மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டு மெக்சிகோ குடும்பத்துக்கும், காரியங்களை முடித்துத் தந்த ஐயருக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணன் சொல்லக் கூடாது என்றதை நான் சொல்லிவிட்டேன். மதினிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். சங்கத்து நண்பர்களே, படத்தில் இருப்பது உங்களில் யாரும் இல்லை. இனி நீங்கள் வரலாம்.