பிளாசிதோ இறங்கிய ஊர்

பிளாசிதோவின் மேல் லெத்தேரியோவுக்கு ஒரு தீராத மனத்தாங்கல். கல்யாணம் ஆன அன்றைக்கே ஆரம்பித்தது அது.

லெத்தேரியோ மெசினாக்காரன். மணப்பெண் மிம்மா ஜலசந்திக்கு அக்கரையில் வில்லா ஊர்க்காரி. அங்கே கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு, அங்கிருந்தே பலேர்மோவுக்கு ரயிலேறினார்கள். பலேர்மோவில் மிம்மாவின் சித்தி விருந்து சமைத்து வைத்துவிட்டு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லாவில் ரயிலைத் துண்டாக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். கப்பல் கடலைக் கடந்ததும் மெசினாவில் வெளியே இழுப்பார்கள். அங்கிருந்து பாதிப் பெட்டிகள் பலேர்மோ பக்கம் போகும், பாதி சிராகூசா பக்கம் போகும். கப்பலின் மேல்தளத்துக் கடையில் அரஞ்சீனி பொரித்துக்கொண்டிருந்தவன் பிளாசிதோ. சோற்றை உருட்டி, நடுவே கறி வைத்து, ரஸ்குத் தூளில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்தெடுப்பான். ஒரே தெருக்காரன் வேறு. விடுவானா? மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேலே இழுத்துப்போய், தின்னக் கொடுத்து, குடிக்கக் கொடுத்து, எல்லோரையும் கைதட்ட வைத்தான். சங்கு ஊதியதும் மூவரும் கீழே ஓடினார்கள். கப்பல் வயிற்றின் இருட்டில் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "இதுதான்டா, ஏறு ஏறு" என்று கையில் கிடைத்த பெட்டியில் தள்ளிவிட்டான்.

ரயிலில் தூங்கிக் கண் விழித்தபோது கடல் இடது பக்கம் இருந்தது. பலேர்மோவுக்குப் போகிறவனுக்கு அது வலது பக்கம் இருக்க வேண்டும்.

சிராகூசாவில் போய் இறங்கினார்கள். சித்தி சாகும்வரை பேசவில்லை. பிளாசிதோ அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பிறகு அவன் சிபாரிசில்தான் லெத்தேரியோவுக்கே கப்பலில் வேலை கிடைத்தது. ரயில் பெட்டிகளைத் தளத்தோடு சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. ஒருவன் கீழே, ஒருவன் மேலே என்று ஒரே கப்பலில் காலம் ஓடியது. மனத்தாங்கலும் சீட்டு எடுக்காமல் கூடவே வந்தது.

பிளாசிதோ ஓய்வு பெற்ற வருஷம், வடக்கே ஜெனோவாவில் இருக்கும் மகள் அவுசிலியா அவனைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பெண்டாட்டி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிளாசிதோவுக்கு முடிவெடுக்க முடியவில்லை.

"முதல்ல ஊர் சுத்துறவன் மாதிரி ரயில்ல போறேன். கரையோரமா, வழி பூரா பாத்துக்கிட்டு. பிடிச்சா இருந்துக்கறேன், பிடிக்கலன்னா திரும்பி வந்துடறேன். நீயும் வா."

"நான் எதுக்கு? உன் பெட்டிய தூக்கவா?"

"எனக்கு ரயில்ல போகத் தெரியாதுடா."

உண்மைதான். வாழ்நாளெல்லாம் ரயிலைச் சுமந்த கப்பலில் நின்றவன், அந்த ரயிலில் ஒருநாளும் வில்லாவைத் தாண்டியதில்லை. மிம்மா சொன்னாள், "போய்யா. போய்க் கையோட கூட்டிட்டு வந்துரு. அவன் இல்லாட்டி நீ யாரைத் திட்டுவே?"

லெத்தேரியோ அதற்காகத்தான் கிளம்பினான்.

மெசினாவில் ஏறினார்கள். பெட்டி மெல்ல உருண்டு கப்பலுக்குள் போனது. வெயில் அணைந்து, இரும்பும் எண்ணெயும் உப்பும் கலந்த வாசனை சூழ்ந்தது. தினமும் சங்கிலியோடு குனிந்து நிற்கும் இடத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கையில், யாருடைய வீட்டுக்கோ வந்ததுபோல் இருந்தது லெத்தேரியோவுக்கு.

"நான் மேல போய் ஒரு அரஞ்சீனி தின்னுட்டு வரேன். சுற்றுலாக்காரன்னா அதானே செய்வான்?" புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பிளாசிதோ ஏறிப்போனான்.

போனவன் வரவில்லை. கப்பல் கரை தட்டியது. பெட்டியை வெளியே இழுத்தார்கள், மற்ற பெட்டிகளோடு கோத்தார்கள். ஆளைக் காணோம். லெத்தேரியோ இரண்டு பேர் மூட்டையையும் அள்ளிக்கொண்டு வில்லா நடைமேடையில் குதித்தான். ரயில் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. தூரத்தில் கப்பல் மறுபடி மெசினாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

அது போய்த் திரும்பி வரும்வரை அவன் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் வந்தான் பிளாசிதோ. தலையில் தொப்பி, இடுப்பில் கடைக்காரர்கள் கட்டும் வெள்ளைத் துணி, முன்கையெல்லாம் ரஸ்குத் தூள்.

"என்னடா பண்ண, என் இடத்துக்குப் புதுசா வந்த பொண்ணு தனியா திணறுது. வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்குது. ஒரு தட்டு எடுத்துக் குடுக்கலாம்னு உள்ள போனேன்."

"சங்கு காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நாப்பது வருஷமா சங்கு ஊதினா அடுத்த சட்டிய அடுப்புல வைப்பேன். வச்சேன்."

லெத்தேரியோ வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி. இவனாவது வடக்கே போய் இருப்பதாவது! கப்பலை விட்டே இறங்கத் தெரியாதவன்.

அடுத்த ரயிலில் ஜன்னலோரம் எதிரெதிரே இடம் கிடைத்தது. கடல் இடப்பக்கம் கூடவே வந்தது. குகை வந்தால் மறையும், குகை முடிந்தால் இமை திறந்ததுபோல் நீலமாய் விரியும். மறுபடி மூடிக்கொள்ளும். வெயிலும் ஆட்டமும் சேர்ந்து உடம்பைத் தளர்த்தின. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத ஒரு நிலை. செவ்வெங்காயச் சரங்கள் தொங்கும் கடைகள், பேர் படிப்பதற்குள் நழுவிப்போகும் நிலையங்கள், தண்டவாள ஓரத்து அரளிப்பூ, ஒரு மாடியில் காய்ந்த மஞ்சள் போர்வை, யாரும் இல்லாத கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைப் படகு. எல்லாம் யாரோ சொன்ன கனவுபோல ஓடின.

பிளாசிதோவுக்கு ஒவ்வோர் ஊரும் தெரிந்திருந்தது. கடையில் நின்று தின்றவர்களின் வாய்வழியாகத் தெரிந்துகொண்டது.

"இந்த வளைவுலதான் ஒரு ஜெர்மன்காரி தொப்பிய பறக்க விட்டா. அந்தப் பாறைக்குக் கீழ ஒருத்தன் மோதிரத்தைக் கடல்ல வீசினானாம். எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதான். ரெண்டு அரஞ்சீனி தின்னதும் சரியாயிட்டான்."

"எல்லாம் உனக்குத் தெரியும். எந்தப் பெட்டி பலேர்மோ போகுதுன்னு மட்டும் தெரியாது."

பிளாசிதோ சிரிக்கவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்.

"சிராகூசா நல்லா இருந்துச்சாடா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கடலோரம் ஒரு அறை கிடைச்சுது. மிம்மா அங்கருந்து கிளம்பவே மாட்டேன்னா."

"அப்புறம் ஏன்டா இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே?"

"நீ கேட்டியா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டியா?"

"இப்பக் கேட்டேன்ல."

"இப்பத்தான் கேக்குற. வாயப் பாரு."

சலேர்னோவில் இறங்கித் தங்கினார்கள். கடலோரத்தில் மற்ற சுற்றுலாக்காரர்களைப்போல் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்தார்கள். மறுநாள் நேப்பிள்ஸில் வண்டி மாறினார்கள். ரோம் வந்தது, போயிற்று. பிளாசிதோ இறங்கிப் பார்க்கவே இல்லை. "அப்படியே போகட்டும்டா. நிக்காம போகுது பாரு, திரும்பாம போகுது பாரு" என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். லெத்தேரியோவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அவுசிலியாவின் வீடு ஜெனோவாவில் மேட்டின் மேல் இருந்தது. தெருவிலிருந்து ஊருக்குப் பொதுவான லிஃப்டில் ஏற வேண்டும். அவள் துளசிபோல் மணக்கும் பச்சை இலைச் சாந்தில் பிசைந்த பாஸ்தா வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே ஓட்டுக்கூரைகள் சரிந்து சரிந்து துறைமுகம் வரை இறங்கின. பிளாசிதோ அந்த ஜன்னலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, வெளிய போயிட்டு வாங்களேன். சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போங்க."

"இருக்கட்டும்மா. இங்க இருந்தே எல்லாக் கப்பலும் போறது தெரியுதே."

லெத்தேரியோ தன்னால் ஆனதைச் செய்து பார்த்தான். இந்த ஊர்ச் சோற்றில் ருசி இல்லை என்றான். ஆட்கள் சிரிப்பதே இல்லை என்றான். குளிர்காலத்தில் காற்று எலும்பைத் துளைக்கும் என்று, அந்த ஊர்க் குளிரைப் பார்க்காதவன், அடித்துச் சொன்னான். "நம்ம வீட்டுல எலுமிச்சை பழுத்து உதிருது, யார் பொறுக்குவா?"

"நீ பொறுக்கு. மிம்மாவுக்கு ஊறுகா போடத் தெரியும்."

கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. பிளாசிதோவும் நிலையம் வரை வந்தான். கையில் பெட்டி இல்லை. லெத்தேரியோ அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தான். நடைமேடையில் ரயில் நின்றிருந்தது.

"நான் வரலடா."

"தெரியுது."

"கோவப்படாத. நாப்பது வருஷமா போனேன், வந்தேன். போன கரையில ஒருநாள்கூடத் தங்கினதில்ல. கயிறு கட்டினதும் அவுத்துருவாங்க. கப்பல் திரும்பிரும், நானும் திரும்பிருவேன். வில்லாவுல அன்னிக்கு என்னால இறங்கக்கூட முடியல பாத்தியா? அந்தச் சட்டிய வச்சதும் எனக்கே பயமாப் போச்சு. இப்ப இங்க இறங்கிட்டேன். மறுபடி அந்தக் கப்பல்ல ஏறினா, இறங்கவே மாட்டேன்டா."

லெத்தேரியோவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மிம்மா கையோடு கூட்டிவரச் சொன்னதைச் சொல்லலாம். கப்பலில் மேலே அவன் இல்லாமல் கீழே சங்கிலி கட்டுவது வேறு வேலையாகிவிட்டது என்றும் சொல்லலாம். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினான். கதவருகே முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டையை மேலே வைத்தான். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. மறுபடி எடுத்து மறுபடி வைத்தான்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"டேய் லெத்தேரியோ, இங்க திரும்பு. கப்பல்ல வேலை பாக்குறவனுக்கு யாரும் கையாட்டினதில்ல. எல்லாரும் அவங்கவங்க ஆளுங்களப் பாத்துத்தான் ஆட்டுவாங்க. வண்டி கிளம்பறப்ப வாசல்ல நின்னு என்னைப் பாத்துக் கையாட்டு. அந்த வளைவு தாண்டற வரைக்கும் ஆட்டிக்கிட்டே போ."