கடலில் திறந்தே இருந்த குறை

இணையப் பக்கங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதும் குழு ஒன்றில் எனக்கு வேலை. விதியை எழுதுகிறவர்கள் வேறு. வரைவைப் படித்துவிட்டு உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் குறை சொன்னாலும் அதை வாங்கி, உரியவரிடம் தள்ளி, பதில் வாங்கி, முடிந்ததும் மூடுகிறவள் நான். காரைக்காலில் வீட்டு மாடியில் உட்கார்ந்தே பார்க்கிற வேலைதான்.

ஒருநாள் அக்கா வீட்டுக்காரரே ஒரு குறையோடு வந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நடுக்கடலில் சிக்னல் போன பிறகும் போன் வானிலைப் பக்கத்தைக் காட்டியிருக்கிறது. காற்று இல்லை என்று போட்டிருந்ததாம். அது முதல்நாள் போனில் தங்கிப்போன பக்கம். அதை நம்பி வலை விட்டவர்கள் காற்றில் மாட்டி, உயிரோடு கரை சேர்ந்ததே பெரும்பாடு. பழைய பக்கம் என்றால் பழையது என்று போன் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். நியாயம்தானே! அவர் பெயரிலேயே பதிந்து, அந்தக் குறையின் பக்கத்தை அவர் போனிலும் திறந்து கொடுத்தேன். ஆங்கிலம் மட்டும் என்னுடையது.

அவர் மறுபடி கடலுக்குப் போன பிறகு குழு ஒரு விளக்கம் கேட்டது. குறை சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும், கெடுவுக்குள் சொல்லாவிட்டால் மூடிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆள் கடலில் இருக்கிறார், கரைக்கு வரட்டும் என்று கூட்டத்தில் மன்றாடிப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே விதி என்றார் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, என் கையாலேயே மூடினேன். அக்காவிடம் சொன்னபோது, உங்கள் ஆபீசில் கடலுக்குப் போகிறவர் ஒருத்தர்கூடவா இல்லை என்றாள்.

கரை திரும்பியதும் அத்தான் மீன் பையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“மூடிட்டோம் அத்தான். கேள்வி கேட்டாங்க, உங்ககிட்டேர்ந்து பதில் வரல,” என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

“மூடலையே! கடல்ல தெனம் எடுத்துப் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல,” என்று போனை நீட்டினார்.

குறை திறந்தே இருப்பதாகப் பச்சையில் காட்டியது. கீழே கேள்வி எதுவும் இல்லை. அவர் புறப்பட்ட அன்று போனில் தங்கிய பக்கம் அது. பழையது என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

“இதத்தாம்மா நான் அன்னைக்கே சொன்னேன்.”

அந்தத் திரையை அப்படியே படமெடுத்துச் சேர்த்து, அவர் சொன்னதைக் கீழே எழுதி, குறையை மறுபடி திறந்தேன். இந்த முறை கூட்டத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.