கடைசிக் கமாவுக்குப் பின்னால்

இது நடந்தது. என் கணவர் பிளஸ்ஸனைப் பற்றியது என்பதால், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைக் காட்டினார். கச்சிபௌலியில் இருவருக்கும் ஒரே அலுவலகம். நான் ஆபீஸ் அனுப்பும் கேபில் வருவேன், அவர் பைக்கில். கேபில் போகிறவர்களின் பெயர்கள் ஒரே வரியில், நடுவே கமா போட்டு வரும். அவர் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு கமாவிலும் வரியை வெட்டும். ஒரு துண்டுக்கு ஒரு சீட்.

“வரி முடிவுலயும் ஒரு கமா விழுந்துடுது எமி. அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. அதையும் ஒரு ஆளுன்னு நெனச்சு சீட் குடுத்துடுது.”

“யாருக்கு அந்த சீட்டப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

“எனக்குத்தான். மழை வந்தா ஏறிக்குவேன்.” சிரித்தார்.

அன்று மாலை லோத்குண்டாவில் அவர் பைக் மீது லாரி மோதியது. எங்கள் வீடு மெட்டுகுடாவில். அவர் அங்கே ஏன் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் டீமில் இருந்த அக்ஷதாவின் வீடு லோத்குண்டாவில். எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

பிறகு வேலைக்குத் திரும்பினேன். அந்தப் புரோகிராமை என்னிடமே கொடுத்தார்கள். கேபில் நான் முன்னால், அக்ஷதா பின்னால். டிரைவர் சாய்குமாரின் போனில் வந்த பட்டியலில் மூன்றாவதாக இன்னொரு ஆள். பெயர் இல்லை. சீட், அக்ஷதாவுக்குப் பக்கத்தில்.

வண்டி கிளம்பியது. பின்னால் ‘க்ளிக்’... சீட் பெல்ட் மாட்டும் சத்தம்.

திரும்பினேன். அக்ஷதா பெல்ட் போடவில்லை. ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் ஒதுங்குற?”

“தெரியல அக்கா... பழகிப்போச்சு.”

பழகிப்போச்சாம். எனக்கு வயிறு எரிந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

மறுநாள் பெயர்களை இடம் மாற்றிப் போட்டேன். அக்ஷதா முன்னால். காலி சீட் என் பக்கத்தில்.

க்ளிக்.

என் இடது தோள் சில்லிட்டது. அவருடைய ஷேவிங் லோஷன் வாசனை...

மெட்டுகுடா வந்தது. இறங்கி, கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டேன்.

“வாங்க. நம்ம வீடு.”

பெல்ட் கழலவில்லை.

கதவு என் கையிலிருந்து மெல்ல நழுவியது. உள்ளிருந்து இழுத்தது போல... சாத்திக்கொண்டது.

வண்டி லோத்குண்டாவுக்குப் போனது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். காலித் துண்டு வந்தால் தூக்கி எறியும்படி ஒரு வரி சேர்த்தேன். எங்கேயும் போக வேண்டாம் அவர்.

கொஞ்ச நாளில் அக்ஷதா பெங்களூருக்கு மாற்றலாகிப் போனாள். பட்டியலில் என் பெயர் மட்டும். வரி முடிவில் விழும் கமாவையும் நீக்கிவிட்டேன்; வெட்டுவதற்குக் கமாவே இல்லை.

போன வாரம் சாய்குமார் கேட்டார். செகந்திராபாத்தில் வளர்ந்தவர், எங்கள் தமிழ் வரும், நடுநடுவே ஊர் உருதுவும் விழும்.

“கைக்கு மேடம், ஏன் இன்னும் லோத்குண்டா டிராப் போடுறீங்க?”

“நான் போடலையே!”

போனை நீட்டினார். என் பெயருக்குக் கீழே... ஒரு காலி வரி.

“லாரி மோதுன எடம் வந்ததும் பின்னாடி பெல்ட் கழலுது மேடம். நக்கோ மேடம், வேண்டாம்... என்னை வேற ரூட்ல போடுங்க.”

போட்டேன். இப்போது வேறு டிரைவர்.

மெட்டுகுடாவில் இன்றும் நான் ஒருத்திதான் இறங்குகிறேன்.