புதைந்த ஜீப்பும் புதைத்த கட்டையும்

லைட்ஹவுஸ் குப்பத்து ஈர மணலில் மச்சானின் ஜீப் அச்சுவரை புதைந்து நிற்கிறது. ஒவ்வொரு அலையும் பின்சக்கரத்தை நெருங்கி வருகிறது. ஜீப்பின் முன்னால், கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கிறது. அதன் கம்பியைக் கட்டத்தான் பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. பத்து வீடியோ பார்த்த மேதையான நான், மேட்டில் நிற்கும் ஃபைபர் படகில் கொக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்துகிறேன். ஜீப் அசையவில்லை. படகு என்னை நோக்கிப் புறப்படுகிறது.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அஞ்சலை ஓடி வருகிறார்.

"இன்னா சார், உருள்ற கட்ட மேல நிக்கிற போட்டப் போய் இழுக்கிற? தொட்டா கடலுக்கு எறங்கணும்னுதான அப்டி நிறுத்திக்கிறோம்!"

"வேற எதுலக்கா கட்றது?"

"மண்ணுலதான்!"

அவரும், வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் மேட்டில் இடுப்பளவு பள்ளம் தோண்டுகிறார்கள். சும்மா கிடந்த ஒரு கட்டையில் கம்பியைச் சுற்றி, பள்ளத்தில் குறுக்காகப் போட்டு, மணலால் மூடி மிதிக்கிறார்கள். மீண்டும் பொத்தானை அழுத்துகிறேன். கம்பி விறைக்கிறது. ஜீப் முனகிக்கொண்டே மேடேறிவிடுகிறது. கட்டையோ நூலளவும் நகரவில்லை.

அதைத் தோண்டியெடுப்பதாவது என் வேலை என்று வீரமாக மண்வெட்டியை வாங்குகிறேன். நான் தோண்டும் அழகை அஞ்சலை இரண்டு நிமிடம் பார்க்கிறார். பிறகு மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.