நிறைவுற்ற திட்டத்தின் வியாழக்கிழமைகள்

ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்திருந்தன. துணைவேந்தர் வளாகத்தின் சாதனைகளையும் சமூகப் பங்காண்மைகளையும் பற்றி அறிக்கை வாசிக்கப் போகிறார், வருகை தருக. ஒன்று எனக்கு, ஓய்வுபெற்ற பிரதிப் பதிவாளர் என்ற வகையில். மற்றது என் மனைவிக்கு, பயனாளி என்ற வகையில்.

எங்கே உட்காருவது என்பதில் தொடங்கியது குழப்பம். இப்படியான கூட்டங்களுக்கு நாற்காலி ஒழுங்குபடுத்தியே தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்றவர்களுக்கு மின்விசிறிக் காற்று எட்டாத பின்வரிசை. பயனாளிகளுக்கு மேடையின் ஓரம், படம் பிடிக்க வசதியான பக்கம். புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு வகையில் வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை எழுதியவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அவள் பயனாளியான விதத்தைச் சொல்லவேண்டும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவளுக்குக் கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க இரசாயனவியல் படிப்பித்தவளுக்கு எஞ்சியவை நான்கு சொற்கள்: ஓம், இல்லை, அது, விசர். பைத்தியம் என்று பொருள்படும் அந்தக் கடைசிச் சொல் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல், பெரும்பாலும் என்னைப் பார்த்து வரும். தமிழில் பேச்சுச் சிகிச்சை கொடுக்கவேண்டும் என்றார் டொக்டர். யார் கொடுப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கொழும்பு முழுக்க விசாரித்தேன். கிடைத்த இடங்களில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது.

அப்போதுதான் நான் வேலை செய்த பல்கலைக்கழகத்தின் மாணவிகள் கொட்டாஞ்சேனைச் சனசமூக நிலையத்தின் மேல்மாடியில் வியாழக்கிழமைக் காலைகளில் சிகிச்சை தொடங்கினார்கள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என் மனைவியைப் பொறுப்பெடுத்தாள். பட அட்டைகளைக் காட்டுவாள், காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பு எனக்கு வராது. சில மாதங்களில் தேத்தண்ணி வந்தது. கதவு வந்தது. கிழமை நாட்கள் வந்தன. புதன் பின்னேரமே சேலையை எடுத்துக் கதிரையில் போட்டுவிடுவாள்.

கூட்டத்தில் துணைவேந்தர் நன்றாகத்தான் பேசினார். திரையில் படங்கள் ஓடின. ‘நிறைவுற்ற திட்டங்கள்’ என்ற தலைப்பின் கீழ் என் மனைவி ஒரு பட அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில்தான் தலைப்பைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து ‘எதிர்காலத் திட்டங்கள்’ வந்தன. அங்கேயும் அதே மேல்மாடி, அதே அட்டை, அதே சிரிப்பு.

என் பழைய கதிரையில் இப்போது இருக்கும் இளம் அதிகாரி சுவரோரமாக நின்றார். எழுந்து அவரிடம் போனேன்.

“தம்பி, கொட்டாஞ்சேனை முடிஞ்சதிலயும் கிடக்கு, வரப்போறதிலயும் கிடக்கு. இப்ப அது எங்க நிக்குது?”

“சேர், நிதி உதவி தந்தவையின்ர காலம் முடிஞ்சுது. அதால அது சாதனை. இனிப் பேரவை அனுமதிச்சால் திரும்பத் தொடங்கும். அதால அது திட்டம்.”

“இடையில?”

“இடையில ஒண்டும் இல்லை, சேர்.”

“அப்ப வாற வியாழன்?”

“அதுதான் சேர் இடை.” சிரித்தார். “உங்களுக்குத் தெரியாததே?”

தெரியும். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானாக இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் என் மனைவியின் வாய் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அறிக்கைக்குப் பிறகு கேள்விகளுக்கு இடமில்லை. பயனாளி ஒருவர் நன்றி சொல்வார், பிறகு தேத்தண்ணி. அந்தப் பயனாளி என் மனைவி. ‘எல்லாருக்கும் நன்றி’ என்பதை ஹட்டன் பிள்ளை வாரக்கணக்காகப் பழக்கியிருந்தாள். இருவரும் மேடைக்குப் போனார்கள். மனைவி ஒலிவாங்கியை வாங்கினாள். மண்டபம் பொறுமையாக இருந்தது, பிறகு பொறுமை இழந்தது.

“வியாழன்,” என்றாள்.

“அம்மா, நன்றின்னு சொல்லுங்க,” என்று பிள்ளை மெதுவாகச் சொன்னது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

“இல்லை. வியாழன். வியாழன்?”

துணைவேந்தர் இளம் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அவர் மொழிபெயர்த்தார். துணைவேந்தரின் முகம் மலர்ந்தது. “நிச்சயமாக! ஒவ்வொரு வியாழனும்!” என்று ஆங்கிலத்தில் சொல்லி அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு விழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரியது. எதற்குத் தட்டுகிறோம் என்று தட்டியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஓட்டோவில் திரும்பும்போது அவளுக்கு விளங்கப்படுத்தினேன். “இஞ்ச பாருமப்பா, மேடையில சொன்னது தீர்மானம் இல்லை. பல்கலைக்கழகப் பேரவைக்குப் போகோணும். அதுக்கு முதல் பீடம் எழுதோணும். அதுவரைக்கும் அந்த மனுசன் சொன்னது ஒரு மரியாதைப் பேச்சு.”

“விசர்,” என்றாள். துணைவேந்தரையா, பேரவையையா, என்னையா என்று கேட்டேன். காலி வீதியில் ஓடிய பஸ்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது கைப்பையோடு வாசலில் நின்றாள். போகக் கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போகலாம் என்று சொல்லவும் இல்லை. போனோம்.

சனசமூக நிலையத்தின் மேல்மாடிக் கதவு திறந்திருந்தது. ஹட்டன் பிள்ளை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, உங்கள வரச் சொன்னவையோ?”

“இல்லங்க சேர். போன கெழம வர வேணான்னாங்க. அப்பறம் விசி சேர் மேடையில அப்படிச் சொல்லிட்டாரா, வர வேணான்னு சொன்னவங்க இப்ப ஒண்ணும் பேச மாட்டேங்கிறாங்க. சரின்னு சாவிய வாங்கிட்டு வந்துட்டேன்.”

இது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுமதி இல்லாத இடத்தில் மாணவி சிகிச்சை கொடுத்தால் பொறுப்பு யாருடையது, மேற்பார்வை யாருடையது? பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தெளிவுபடுத்தல் கேட்போம், நானே எழுதித் தருகிறேன் என்று தொடங்கினேன். பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

“நீங்கள் வெளிய,” என்றாள் என் மனைவி.

பிள்ளையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாரிசவாதத்துக்குப் பிறகு அவள் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் பழக்காதது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, துரத்தப்பட்டவன் சந்தோஷப்படலாமா என்பதும் தெரியவில்லை. வெளியே போய்ச் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தபடி கடிதத்தை மனதில் எழுதினேன். மேற்படி விடயம் தொடர்பாக. நல்ல கடிதம். அது யாருடைய மேசைக்குப் போகும், அங்கிருந்து எந்த மேசைக்கு, எந்த இடத்தில் யார் பேனையை எடுப்பார்கள் என்பதெல்லாம் கண் முன்னால் தெரிந்தது. முடிவில் வரும் பதிலும் தெரிந்தது. பேரவையின் அனுமதி கிடைக்கும்வரை சிகிச்சையை இடைநிறுத்துக.

கேட்டால் பதில் வரும். கேட்காதவரை துணைவேந்தர் சொன்னதை யாரும் மறுக்கவேண்டியதில்லை, யாரும் உறுதிப்படுத்தவேண்டியதும் இல்லை. என் உத்தியோக காலம் முழுக்க எதையும் தெளிவில்லாமல் விட்டதில்லை. இதை விட்டுவிட்டேன். இப்போதும் ஒவ்வொரு வியாழனும் ஓட்டோவில் போகிறோம். திட்டம் முடிந்துவிட்டதா, தொடங்கவில்லையா, எனக்குத் தெரியாது. வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து அவள் அந்தப் பிள்ளையோடு ஏதோ ஒரு படத்துக்காகச் சண்டை பிடிப்பது கேட்கும்.