இந்தத் துணியையெல்லாம் யார் மடிப்பது?

துணிக்கடையின் இரண்டாம் மாடியில், பெண்களுக்கான ரெடிமேட் பிரிவில், இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள் அவள். நிற்கிறாள் என்று சும்மா சொல்லவில்லை. அந்த மாடியில் விற்பவர்களுக்கு நாற்காலியே கிடையாது. வருகிறவர்கள் பிரித்துப் போடுவார்கள், இவள் மடிப்பாள். சட்டையின் கைகளை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் திருப்பி, கீழிருந்து மேலே ஒரு மடிப்பு. குனிந்து பார்க்கக்கூட வேண்டாம், மூன்றே அசைவில் வேலை முடிந்துவிடும். கடையில் எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. வயதில் மூத்த மேலாளருக்கும் அக்காதான்.

அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? செய்தித்தாளை மடிக்கும். கணவர் முகம் துடைக்க எடுத்த துண்டை, அவர் துடைத்து முடிப்பதற்குள் பிடுங்கி மடிக்கும். ஒருநாள் பேருந்தில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாளின் சால்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். அந்த அம்மாள் விழித்துக்கொண்டு, "திருடி! திருடி!" என்று வண்டியே அதிரக் கத்தினாள். நல்லவேளை, வண்டியை ஓட்டியவர் இவள் கணவர்.

"திருட்டு இல்லம்மா, வியாதி," என்றார் திரும்பாமலே. "வீட்லயும் இப்படித்தான்."

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சிரிப்புப் படம் என்றால் உயிர். அதிலும் கடை கடையாக ஏறி இறங்கும் நாயகி, பை பையாகத் துணி, புது ஃபேஷன் என்று அலைந்து அசடு வழியும் படமாக இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். மடிப்பக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள், ஒரே ஒரு இடம் வரும்வரை. அந்த இடம் எல்லாப் படத்திலும் வந்து தொலைக்கும். பாட்டு ஆரம்பிக்கும். நாயகி ஒரு உடையை மாட்டிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், தூக்கி எறிவாள். அப்புறம் இன்னொன்று. பாட்டு முடியும்போது கடை முழுக்கத் துணி கிடக்கும். அம்மணி இரண்டு பையோடு வெளியே போய்விடுவாள், காட்சி மாறிவிடும்.

"இந்தத் துணியையெல்லாம் யாரு மடிக்கிறது?" என்பாள் இவள்.

"கதைக்கு அது எதுக்கு?"

"கதைக்கு வேணாங்க, கடைக்கு வேணுமில்ல? ஒருத்தி குனிஞ்சு ஒரு சட்டைய எடுக்கறத எந்தப் படத்துலயாவது காட்டினாங்களா?"

கேலியாகத்தான் கேட்பாள். ஆனால் அது அவளை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. தன்னைப்போல் ஒருத்தியை ஒரு தடவையாவது திரையில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

அந்த ஆசை கடையைத் தேடிக்கொண்டு வந்தது. கடைக்கு விடுமுறையான ஒரு நாளில், அதே இரண்டாம் மாடியில் ஒரு சிரிப்புப் படத்தின் பாட்டை எடுக்க வந்தார்கள். நாயகிக்குப் பின்னால் நிற்க நிஜமான விற்பனைப் பெண் வேண்டும் என்று இயக்குநர் கேட்க, மேலாளர் மடிப்பக்காவைக் கைகாட்டினார். கணவர் சும்மா இருப்பாரா? டிப்போ முழுக்க டமாரம் அடித்துவிட்டார். குடும்பம் குழந்தைகளையும் சேர்த்து நாற்பது பேர் படத்துக்கு வருவதாகச் சொல்லியாயிற்று.

"நடிக்கவே வேணாம்மா. சும்மா நின்னா போதும்," என்றார் இயக்குநர்.

உலகத்தில் அவளால் முடியாத ஒரே காரியத்தைக் கேட்டுவிட்டார் மனுஷன்.

முதல் டேக். நாயகி எறிந்தாள், எறிந்தாள், எறிந்துகொண்டே இருந்தாள். "கட்! குவியல் எங்க?" என்று அலறினார் இயக்குநர். குவியல் இருக்க வேண்டிய இடத்தில் அழகான ஓர் அடுக்கு இருந்தது. இரண்டாவது டேக்கில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சட்டை நேராக அவள் தோளிலேயே வந்து விழ, போச்சு. மூன்றாவதற்கு அவள் கையில் ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஒரு கையில் கோப்பை, மறுகையால் மடித்தாள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவங்கள உள்ள உக்கார வைங்கப்பா!"

துணி மாட்டிப் பார்க்கும் அறையில், முக்காலியில் போய் உட்கார்ந்தாள். மூன்று பக்கமும் கண்ணாடி, மூன்று பக்கமும் அழுமூஞ்சி. நாற்பது பேருக்கு என்ன சொல்வது? அது கிடக்கட்டும். இந்தப் படத்திலும் துணி தானாகவே அலமாரிக்குப் போய்விடப் போகிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெளியே வேறொரு கூத்து நடந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் துணியெல்லாம் அலமாரியில் பழையபடி இருக்க வேண்டும். இதுவரை அது இவள் கைபட்டே நடந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. இப்போது நான்கு உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து மடித்தார்கள். ஒன்றில் கை நீட்டிக்கொண்டு நின்றது, இன்னொன்று சுருண்டுகொண்டது, அடுக்கு சரிந்து தரையில் விழுந்தது. ஒரு மணி நேரம் போனது. சாயங்காலத்துக்குள் கடையை ஒப்படைத்தாக வேண்டும்.

இயக்குநரே வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா? கொஞ்சம் மடிச்சுக் குடுங்கக்கா."

காலையில் அம்மா, இப்போது அக்கா. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மடிக்கிறேன் சார். ஆனா ஒண்ணு கேக்கணும். நானும் எத்தனையோ படம் பார்த்துட்டேன், துணி எறியறவங்களத்தான் காட்டறாங்க. உங்க படத்துலயும் நாங்க மடிக்கவே மாட்டமா?"

"அதுல என்னக்கா சிரிப்பு இருக்கு?"

"நல்லா கேட்டீங்க! நீங்க ஒருத்தர்தான் சார் சிரிக்கல."

நாயகி களுக்கென்று சிரித்துவிட்டாள். இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு கேமராவைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார்.

படம் வந்தது. மதியக் காட்சிக்கு நாற்பது என்றவர்கள் அறுபது பேராக வந்தார்கள். திரையில் நாயகி எறிய, இவள் மடித்தாள். நாயகி சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக எறிந்தாள், இவளும் வேகமாக மடித்தாள். வெறுத்துப்போன நாயகி தன் துப்பட்டாவையே உருவி எறிய, அதுவும் மடிந்து அடுக்கில் உட்கார்ந்தது. அரங்கமே அதிர்ந்தது. பாட்டு முடிந்து நாயகி இரண்டு பையோடு வெளியே போனாள். காட்சி மாறவில்லை. மடிப்பக்கா குனிந்தாள், கீழே கிடந்த கடைசிச் சட்டையை எடுத்தாள், மடித்தாள், வைத்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிப்பு அடங்கிப்போனது.

கணவர் இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "தினம் இவ்வளவா குனியுற?"

"படத்துல காட்டினது பாதி கூட இல்லங்க," என்றாள். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் கடைக்கு 'புயல்' வந்தாள். வாராவாரம் வந்து இருபது உருப்படியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒன்றுகூட வாங்காமல் போகிற வாடிக்கையாளருக்குக் கடைப்பெண்கள் வைத்த பெயர் அது. முதல் சட்டையை உதறிப் பிரித்தவள், நிமிர்ந்து மடிப்பக்காவின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா... அந்தப் படத்துல நீங்கதான?"

"நான்தான்."

புயல் சட்டையைக் கவுண்டரில் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே மடித்தாள். ஒரு கை வெளியே தொங்க, காலர் கோணிக்கொண்டு, அது ஒரு மூட்டையாக உருவானது. அதை இரண்டு கையாலும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மேலாளர் அந்தப் பக்கம் வந்தார். "என்னக்கா இது, கண்றாவியா இருக்கு?"

"இருக்கட்டும் சார். கஸ்டமர் மடிச்சது."

கடை மூடும்வரை அவள் அதைத் தொடவே இல்லை.