தொண்ணூற்றொன்று பகா எண் என்று மெயில் போட்டவள்

ஒரகடத்தில் லாரி உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பகுதிக்கு நான்தான் இன்ஜினியர். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவள். கணக்கில் என்னை மிஞ்ச அந்த ஷெட்டில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

வாடிக்கையாளர் ஒரு தட்டுக்குத் தொண்ணூற்றொரு புஷ் கேட்டார்கள். புஷ் என்றால் கட்டைவிரலில் மாட்டும் அளவுக்கு ஓர் இரும்பு வளையம். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது, ஐந்தாலும் வகுபடாது. அதற்கு மேல் போட்டுப் பார்க்கச் சோம்பல். “91 பகா எண். கணிதப்படி வரிசையாக அடுக்கவே முடியாது. 90 ஆக்கவும்” என்று பன்னிரண்டு பேருக்கு மெயில் தட்டினேன். மேனேஜர் ‘நோட்டட்’ என்று பதில் போட்டார்.

அந்தப் பெருமையோடு லைனுக்குப் போய், பேக்கிங்கில் இருந்த பெண்ணிடமும் சொன்னேன். என் வயதுதான். தண்டலம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி. கை வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஏழு பதிமூணு இன்னா மேடம்?”

ஏழு பத்து எழுபது, ஏழு மூணு இருபத்தொண்ணு. மனசுக்குள் கூட்டியதும் எனக்கு முகம் சூடேறியது.

“எப்படித் தெரியும்?”

“எங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருவாட்டிதான கான்ட்ராக்ட்? பதிமூணு வாரம், தொண்ணூத்தியொரு நாளு. அத்த எண்ணிக்கினே இருந்தா மனப்பாடம் ஆவாதா?”

மதியம் சாப்பிட்டுவிட்டு, தரச் சோதனையில் கழித்த புஷ்களை அவள் மேஜையில் பரப்பினாள். ஒன்று, அதன் கீழே இரண்டு, பிறகு மூன்று என்று வைத்துக்கொண்டே போனாள். பதிமூன்றாவது வரிசையில் சரியாகத் தொண்ணூற்றொன்று தீர்ந்து, முக்கோணம் முழுசாக நின்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கலைத்து, அடியில் ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு வைத்தேன். அதன் மேல் இருபத்தைந்து, பதினாறு, ஒன்பது, நான்கு. உச்சிக்குச் சரியாக ஒன்று மிஞ்சியது.

அப்போது பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். கோபுரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது இன்னாம்மா?”

“தொண்ணூத்தியொண்ணு சார்.”

“அதத்தான் அடுக்கவே முடியாதுன்னு மெயில் போட்ட?”

“தப்பா போட்டுட்டேன் சார்.”

திட்டுவார் என்று நின்றேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கோபுரத்தைக் கலைத்தார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, பிறகு பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு. கடைசிச் சுற்றுக்கு முப்பது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் அறுகோணம் மூடிக்கொண்டது. அந்த எண்ணையே தான்தான் டிசைன் செய்தது போல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மாலையே அதே பன்னிரண்டு பேருக்கு மன்னிப்பு மெயில் போட்டேன். பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. “அப்படியானால் 90 பகா எண்ணா?” என்று ஸ்டோர்ஸ் அதிகாரி கேட்டிருந்தார்.

ஏழுக்குப் பதிமூன்று என்று தட்டுக்கு வரைபடம் போட்டேன். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஊழியர் எண் கிடையாது என்று ஆவணப் பிரிவில் திருப்பி அனுப்பினார்கள். நானும் விடாமல் மூன்று முறை அதையே அனுப்பினேன். நான்காவது முறை சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

வரைபடத்தை லைனில் ஒட்டியதும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே போய் நிதானமாகப் படித்தாள்.

“என் பேர்ல ஒரு எழுத்து தப்பு மேடம்.”




அதைக் கிழித்துவிட்டு, அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு பெயரை மறுபடி டைப் செய்தேன்.